நேர்வழி விரைவும் சில்லின் இயல்பும்

நிலைத்து நிற்கும் ஒன்றை நொடிப்பொழுதில் விரைந்தோடச் செய்து பார்க்க வேண்டுமென்னும் ஆசை மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டு களித்தோர் இதனை நன்கறிவர். அங்கே வளைவுமில்லை, திருப்பமுமில்லை. இரு சோடிக் காளைகள், இரு வண்டில்கள், ஒரு நேர்வழி. முதலில் எல்லையைத் தொட்டவர் வென்றவர். சவாரி வண்டிலைச் செய்யும் தச்சர் அதனைப் பாரவண்டிலின் கனத்திற் செய்யார். நெல்மூடை ஏற்றுவதற்கு வேண்டிய உறுதி வேறு, ஓட்டத்துக்கு வேண்டிய உறுதி வேறு என்பது அவருக்குத் தெரியும். காளையின் குளம்பு மண்ணைப் பற்றாவிடின் அதன் வலிமை பயன்படாது என்பதும் சவாரிக்காரருக்குத் தெரியும். அவர்கள் நியூற்றனைக் கற்றவர்களல்லர். ஆயினும் நியூற்றன் சொன்னதற்கு மாறாக ஒன்றும் செய்வதில்லை.

இன்று அதே ஆசை காரின்மேற் சென்றிருக்கின்றது. 2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்திற் பழைய கார்களின் விலை ஏறியது. உள்ள காரையே புதுக்கி, அதன் விரைவையுங் கூட்டிக்கொள்வோம் என்னும் எண்ணமும் அதனோடு ஏறியது. விழா மலர்களிலே சமயமும் இலக்கியமும் பேசுதல் எமது வழக்கம். அவ்விடத்திலே ஒரு காரின் சில்லைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்று நல்ல புள்ளி பெற்ற பிள்ளைகளும், கராச்சின் வாசலை மிதித்தவுடன் அப்பாடத்தைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றனர். பணம் மட்டும் வீணாகுமாயின் நாம் வாளாவிருந்திருப்போம். உயிரும் இதனோடு தொடர்புபட்டிருத்தலின் எழுதுகின்றோம்.

கதி ஏறும் வீதத்தை நமது பாடநூல்கள் ஆர்முடுகல் என்னும். தமிழகத்தார் முடுக்கம் என்பர். பொருள் ஒன்றே. விசையைத் திணிவால் வகுத்தால் ஆர்முடுகல் வரும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். ஆனால் எந்த விசை? கார் ஓடுவது எஞ்சினின் விசையால் என்று பலர் எண்ணுகின்றனர். எஞ்சின் சில்லைத் திருப்புகின்றது, அவ்வளவே. காரை முன்னே தள்ளுவது வீதி. சில்லு வீதியைப் பின்னோக்கித் தள்ள, வீதி சில்லை முன்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுகை உராய்வினால் வருவது. உராய்வுக்கோ ஓர் எல்லை உண்டு. சில்லின் மீது அழுத்தும் பாரத்தை உராய்வுக் குணகத்தாற் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். எஞ்சின் எத்துணைப் பெரிதாயினும் அவ்வெல்லைக்கு மேல் ஓர் அணுவும் தள்ள இயலாது. மிஞ்சியதெல்லாம் புகையாகவும் ரயர் கருகிய நாற்றமாகவும் போகும்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். கார் 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். உலர்ந்த நல்ல தார்வீதியிலே உராய்வுக் குணகம் 0.8 எனவும் கொள்வோம். முன்சில்லால் இழுக்கும் சிறு கார்களிலே நிற்கும்போது பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்சில்லின்மேல் இருக்கும். ஆனால் கார் பாய்ந்து புறப்படும்பொழுது பாரம் பின்னோக்கிச் சாய்கின்றது. மூக்கு உயர்வதை நாம் கண்ணாற் காணலாம். இழுக்கவேண்டிய சில்லிலிருந்தே பாரம் கழிந்து விடுகின்றது. ஈர்ப்புமையத்தின் உயரம் சில்லிடைத் தூரத்தின் ஐந்திலொன்றுக்குச் சற்று மேல் என வைத்துக் கணித்தால், இத்தகைய கார் பெறக்கூடிய மிகப்பெரிய ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 4 மீற்றர். அதே கார் பின்சில்லால் தள்ளப்படுவதாய், நூற்றுக்கு நாற்பத்தெட்டுப் பங்கு பாரத்தையே பின்னால் உடையதாயினும், 4.6 மீற்றர் வரை செல்லும். சாயும் பாரம் அங்கே உதவிக்கு வருகின்றது. நான்கு சில்லும் இழுப்பதாயின் 7.8 மீற்றர்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். 60 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 80 பரிவலு உள்ள சிறிய எஞ்சின் என்க. அவ்வலு முழுதும் சில்லை அடையுமெனின், மேற்சொன்ன முன்னிழுப்புக் காரிலே மணிக்கு 54 கிலோமீற்றர் வேகம் வரும்வரை எல்லையை விதிப்பது ரயரேயன்றி எஞ்சினன்று. அதற்கு மேலேதான் எஞ்சினின் ஆட்சி தொடங்குகின்றது. இப்பொழுது மன்னார்த் தீவுக்கு வருவோம். பாலத்தைக் கடந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும் மணல். சோழகம் வீசும் மாதங்களிலே அம்மணல் வீதியின்மேல் மெல்லிய விரிப்பாகப் பரவும். கண்ணுக்குத் தார் தெரியும். சில்லுக்குத் தெரிவது மணல். உராய்வுக் குணகம் பாதியாகி 0.4 ஆகுமாயின் ஆர்முடுகலின் எல்லை 2.2 மீற்றருக்கு இறங்கும். அப்பொழுது அதே சிறிய எஞ்சினுக்குங்கூட, மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ரயரே எல்லை. எஞ்சினுக்கு இலட்சக்கணக்கிற் செலவு செய்த காரும் செய்யாத காரும் அவ்வீதியில் ஒன்றுபோலவே புறப்படும்.

ஆதலின் ரயரை முதலில் ஆராய்தல் முறை. ஒரு சில்லின்மேல் 250 கிலோகிராம் பாரம் நிற்க, காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், ரயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 120 சதுர சென்ரிமீற்றர். அஃது ஓர் உள்ளங்கையின் அளவு. ஒரு குடும்பம் முழுவதும் நான்கு உள்ளங்கைகளின் மேல் ஊர்ந்து செல்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. அகன்ற ரயர் போட்டால் இப்பரப்புப் பெருகும் என்று நினைப்பது பொதுவான மயக்கம். பாரமும் அழுத்தமும் மாறாதிருக்கப் பரப்பும் பெரிதும் மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும். அகன்ற ரயரால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதன் வெப்பம் பரவலாகப் பகிரப்படுகின்றது, மென்மையான இறப்பரை அதிலே பயன்படுத்த முடிகின்றது. நன்மை அவ்வழியாய் வருவது. பிடிமானத்தைத் தீர்மானிப்பது இறப்பரின் குணமே.

அக்குணத்தை அறியும் குறிகள் ரயரின் பக்கச்சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. தேய்வெண் என ஒன்று பல ரயர்களிற் காணப்படும். 400 என்றிருப்பதினும் 200 என்றிருப்பது பெரும்பாலும் மென்மையானது, நன்கு பற்றுவது, விரைவிலே தேய்வது. இரண்டையும் ஒருங்கே தரும் ரயரை எவரும் செய்யவில்லை. நான்கு இலக்கங்கொண்ட இன்னோர் எண் ரயர் பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது கிழமை. நமது பக்கத்து வெயிலிலே, வீட்டு முற்றத்தில் ஓடாமல் நின்றாலும் இறப்பர் இறுகி வெடிக்கும். பூ முழுதும் தேயாதிருக்கின்றதே என்று பழைய ரயரை மலிவாக வாங்குவோர், மாவு புளித்த பின் சட்டி புதிதாயிருக்கின்றதே என்று மகிழ்வோரை ஒப்பர். பாரத்துக்கும் வேகத்துக்குமுரிய குறியும் அங்கேயே உண்டு. 82 என்னும் எண் 475 கிலோகிராமைத் தாங்கும் என்பது. அதனையடுத்த எழுத்து ரி ஆயின் மணிக்கு 190, எச் ஆயின் 210 கிலோமீற்றர் வரை தாங்கும். வேகத்தைக் கூட்ட விரும்புவோர் பலர் இவ்வெழுத்தைப் படியாமலே காசைக் கொடுக்கின்றனர்.

இப்பொழுது நாகரிகத்துக்கு வருவோம். இன்றைய இளைஞர் விரும்புவது பெரிய றிம், அதன்மேல் வடைத்தட்டின் விளிம்புபோல் மெல்லிய இறப்பர். பார்வைக்கு அழகுதான்; அதனை மறுத்தல் எமது நோக்கமன்று. ஆனால் நேர்வழி ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் என்ன செய்கின்றனர்? இவ்விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, வறண்ட ஏரிப்படுகைகளிலும் விமான ஓடுபாதைகளிலும் வளர்ந்தது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கென ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். கால் மைல், அதாவது 402 மீற்றர், அதன் மரபுவழித் தூரம். அங்கே மிக்க வலுவுடைய வண்டிகளின் பின்சில்லைப் பார்த்தால் றிம் சிறிது, இறப்பர் உயரமானது; காற்றழுத்தமோ பத்து இறாத்தலுக்கும் குறைவு. புறப்படும்பொழுது அப்பக்கச்சுவர் துணிபோற் சுருங்கி, அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கி, வீதியோடு ஒட்டிக்கொள்கின்றது. மெல்லிய பக்கச்சுவர் வளைவிலே திரும்பும் பந்தயத்துக்கு உரியது. நேரே பாய விரும்பும் நம் பிள்ளைகள், திரும்பி ஓடுவோரின் செருப்பை வாங்கி அணிகின்றனர் என்பதே இதன் பொருள். மேலும் குண்டுங் குழியுமான குறுக்கு வீதிகளிலே மெல்லிய இறப்பருக்குப் பின்னால் அடியை வாங்குவது றிம்மேயாம்.

விட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சில்லின் விட்டம் பெருகினால் அது கடைசிக் கியரை மாற்றியமைத்ததற்குச் சமம். 175/70, 13 அங்குல றிம் என்னும் அளவுள்ள ரயரின் விட்டம் 575 மில்லிமீற்றர். அதனைக் கழற்றி 185/65, 15 அங்குலம் போட்டால் விட்டம் 621 மில்லிமீற்றருக்கு மேலாகும். நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதல். எஞ்சின் தரும் முறுக்கம் மாறவில்லை, நெம்புகோலின் நீளம் மாறிவிட்டது. எனவே வீதியிற் பிறக்கும் தள்ளுகை நூற்றுக்கு ஏழுக்கு மேற் குறையும். பணங்கொடுத்து விரைவை விற்றதாக இது முடியும். வேகமானி 70 காட்டும்பொழுது கார் 75இல் ஓடும் என்பது இன்னொரு பக்கம். பொலிசார் பார்ப்பது தம் கருவியையேயன்றி நமது முள்ளையன்று. பிரேக்கும் அதே நெம்புகோலினால் தோற்கின்றது: மிதியை முன்போல மிதித்தால் முன்போல நில்லாது. மாறாக 195/45, 15 அங்குலம் போடின் விட்டம் 556 மில்லிமீற்றராகி, தள்ளுகை நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். பந்தயத்துக்கெனச் சிறிய விட்டத்தை நாடுவோர் செய்வது இதுவே. ஆனால் மேலே சொன்ன மெல்லிய பக்கச்சுவரின் கேடு இதனோடு கூடவே வரும். உயரும் எஞ்சின் இரைச்சலும், செலவாகும் பெற்றோலும் வீட்டுக் கணக்கிற் சேரும்.

சில்லின் கனத்தைப் பற்றிக் கராச்சுகளிலே ஒரு புராணம் உலவுகின்றது. சில்லில் ஒரு கிலோ குறைந்தால் காரிற் பத்துக் கிலோ குறைந்ததற்குச் சமம் என்பர் சிலர். ஐந்து என்பர் சிலர். பௌதிகவியலை விசாரிப்போம். சுழலும் சில்லு இருவகையிற் சக்தி கொள்கின்றது: முன்னே செல்வதால் ஒன்று, சுழல்வதால் ஒன்று. திணிவு முழுதும் விளிம்பிலேயே இருக்கும் ஒரு வளையமாயின் இரண்டும் சமம். ஆகவே விளிம்பிலுள்ள ஒரு கிலோ இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். குடத்துக்கு அருகிலுள்ள கிலோ ஒன்றுக்குச் சற்று மேல். இரண்டுக்கு மேற் செல்ல எந்தச் சில்லாலும் இயலாது. சில்லொன்றுக்கு நான்கு கிலோ கூடிய பெரிய றிம்முகளைப் போட்டால் மொத்தம் பதினாறு. அது மிகக் கூடினால் முப்பத்திரண்டு கிலோவாகச் செயற்படும். 1,000 கிலோக் காரிலே அது கால் மைலுக்கு ஏறத்தாழ 0.15 செக்கன். சிறிதுதான், ஆனால் அழகுக்காகக் கொடுத்த பணத்தினால் விலைக்கு வாங்கிய தாமதம் அது. அடித்துருவாக்கிய உலோக றிம் இலேசும் உறுதியும் உடையது, விலை மிகுந்தது. வார்த்தெடுத்த மலிவான போலி றிம் கனமாகவும் இருக்கும், குழியில் விழுந்தால் வெடிக்கவும் செய்யும். ஆணித்துளைகளின் வட்டமும் குடத்துளையும் பொருந்தாத றிம்மை இடைவளையம் வைத்துப் பூட்டுவோர், எத்தகைய வித்தகராயினும், அவரிடம் காரைக் கொடுத்தலாகாது.

எஞ்சினை இனித் தீண்டலாம். பிடிமானக் குறைவில்லை, காற்றுத் தடையில்லை, வலு மாறாது என்று எளிமையாக்கிக் கொண்டு கணித்தால் ஓர் அழகிய விதி கிடைக்கும்: குறித்த தூரத்தை ஓட எடுக்கும் நேரம், திணிவை வலுவால் வகுத்த ஈவின் கனமூலத்துக்கு விகிதசமம். கனமூலம் என்னும் சொல்லைக் கவனிக்க. 60 கிலோவாற்றும் 1,000 கிலோவும் உடைய கார் 402 மீற்றருக்கு இவ்விதிப்படி 14.5 செக்கன் எடுக்கும். வலுவைப் பத்திலொரு பங்கு கூட்ட அரும்பாடுபட்டு 66 கிலோவாற்று ஆக்கினால் 14.0 செக்கன். உண்மைக் கார் இதனினும் மெல்லவே ஓடும். ஆயினும் ஒப்பீடு பிழையாது. பத்திலொரு பங்கு வலு அரைச் செக்கனையே தந்தது. அதே காரில் அறுபது கிலோ நிறையுள்ள நண்பர் நால்வர் ஏறியிருந்தாரெனின் நேரம் 15.5 செக்கனுக்கு மேலாகும். அவர்களை மரநிழலில் இறக்கி விட்டால் ஒரு செக்கனுக்கு மேல் மிச்சம், செலவு ஒன்றுமில்லை. கால் மைலுக்காக எஞ்சின் மாற்ற எண்ணுவோர்க்கு நாம் முதலிற் பரிந்துரைப்பது இதுவே. அவர்களின் உயிருக்கும் அதுவே நல்லது.

சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புவதால் வருவது பெரும்பாலும் ஓசையே. 92 ஒக்ரேன் பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினுக்கு 95 ஊற்றினால் வலு கூடாது. ஒக்ரேன் என்பது காலத்துக்கு முந்திய வெடிப்பைத் தாங்கும் திறனேயன்றி நெருப்பின் அளவன்று. எஞ்சினின் கணினியைத் திருத்தியமைத்தலும் அமுக்கக் காற்று ஊதியும் உண்மையாகவே வலுவைக் கூட்டுவன. ஆனால் கிளச்சு, கியர்ப்பெட்டி, குளிர்ப்பிக்கும் நீரோட்டம் ஆகிய எல்லாவற்றையும் அவை தம்மோடு இழுத்துச் செல்லும். இயந்திரத்தையே மாற்றினாற் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். யாவற்றினும் தீயது, காற்று தாராளமாகச் செல்லட்டும் என்று காற்று வடிகட்டியை எடுத்துவிடுதல். வேறு ஊர்களில் அது மடமை. மன்னாரில் அது எஞ்சினுக்குத் தற்கொலை. நமது காற்றோடு வரும் நுண்மணல் பிசுத்தனின் வளையங்களை அரம்போல் அராவிவிடும். புதிய வடிகட்டி ஒன்றின் விலை அதனோடு ஒப்பிட ஒரு பொருட்டன்று.

கடற்கரை இவ்வளவு நீளமாய்க் கிடக்கின்றதே, அங்கே ஓடிப் பார்த்தாலென்ன என்று கேட்போரும் உளர். உலகத்து வேகச் சாதனைகள் சில கடற்கரையில் நிகழ்ந்தன என்பது மெய்யே. வேல்சு நாட்டின் பென்டைன் மணற்கரையிலே 1924இல் மல்கம் காம்பெல் மணிக்கு 235 கிலோமீற்றர் ஓடினார். அதே கரையில் 1927 மார்ச்சு 3ஆம் நாள் பாரி தோமஸ் என்பவர் உயிரிழந்தார். 1935இல் காம்பெல் அமெரிக்காவின் டேற்றோனாக் கரையிலே 445 கிலோமீற்றரை எட்டினார். அவருடைய வண்டியில் 2,000க்கு மேற்பட்ட பரிவலு இருந்தது. ஆயினும் மணலிற் சில்லு வழுக்கிச் சுழன்றது. பின்சில்லுகளை இரட்டையாக்கியும் போதவில்லை. அதே ஆண்டு செத்தெம்பரில் யூட்டா மாநிலத்து உப்புப் படுகைக்குச் சென்ற பின்னரே அவர் 484 கிலோமீற்றரைக் கண்டார். அத்துணைப் பெரிய எஞ்சினுக்கும் எல்லை வகுத்தது மணலே.

அக்கரைகளுக்கும் மன்னார்க் கரைக்கும் வேறுபாடு உண்டு. அங்கே வற்றும் பெருக்கும் பல மீற்றர் அல்லது ஒரு மீற்றருக்கு மேல் ஏறியிறங்க, நனைந்து இறுகிய அகன்ற தரை வெளிப்படும். நனைந்த மணலிலே மணிகளுக்கிடையே நீர் நின்று அவற்றைப் பிணைக்கின்றது. நமது பக்கத்திலே கடல் ஏறியிறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் நீர்விளிம்பில் இறுகிய மணல் ஒடுங்கிய பட்டியாகவே கிடக்கும். அதற்கு மேலே காலை வைத்தாற் கணுக்கால் புதையும். அம்மணலில் ஓடத் தெரிந்தவர் கரைவலை இழுக்கும் உழவு இயந்திரக்காரரே. அகன்ற பெரிய சில்லு, குறைந்த காற்று, மெல்லிய ஓட்டம். மணலில் அகப்பட்ட காருக்கும் அவ்வழியே வழி: காற்றை 30இலிருந்து 15 இறாத்தலுக்கு இறக்கினாற் தொடும் பரப்பு இரட்டிக்கும், சில்லு மணலின்மேல் மிதக்கும். அக்சிலரேற்றரை மிதிக்க மிதிக்கச் சில்லு தன் குழியைத் தானே தோண்டும்.

வழுக்கலைப் பற்றி இங்கே ஒரு நுட்பம் கூறவேண்டும். ரயர் சிறிதும் வழுக்காமல் முழு விசையைத் தருவதில்லை. வண்டி செல்லும் வேகத்தினும் சில்லின் விளிம்பு நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு மிகையாக ஓடும்பொழுதே தார்வீதியிற் பிடிமானம் உச்சம் பெறும். அதனைக் கடந்தால் இறங்கும். கிளச்சைக் கைவிடும் பக்குவம் என்று பழைய சாரதிகள் சொல்வது இச்சிறு வழுக்கலைக் காலினால் உணர்ந்து நிறுத்துதலையே. புகை எழுப்பிக் கூச்சலிட்டுப் புறப்படுவோர் உச்சத்தைக் கடந்து மறுபக்கத்தில் இறங்கிக் கொண்டிருக்கின்றனர்.

நேரத்தை அளப்பதிலும் மன்னார்க் காற்று ஏமாற்றும். தீவின் தென்கரையிலே தம்பபவனி என்னும் பெயரால் முப்பது காற்றாலைகள் 2020ஆம் ஆண்டு இறுதியில் நிறுவப்பெற்றன. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாற்று. வீணான இடத்தில் எவரும் அவற்றை நிறுத்தவில்லை. மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 100இல் ஓடும் கார் 130இன் காற்றுத் தடையைச் சந்திக்கின்றது. தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுதலின் அது 1.69 மடங்கு. புதிய றிம் போட்ட அன்று காற்று முதுகில் அடித்திருந்தால் றிம்முக்குப் புகழ். உலக வேகச் சாதனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடிச் சராசரி எடுக்கவேண்டும் என்னும் விதி இதனாலேயே வந்தது.

எங்கே அளப்பது என்பதே பெரிய வினா. நேரான வீதியைக் கண்டதும் இரவிலே பந்தயம் ஓடலாமென்று தோன்றும். நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்கு விதித்த எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர் என்பதை ஒரு பக்கம் வைப்போம். சட்டம் இல்லையென்றே கொள்வோம், கணக்கு இருக்கின்றது. 100இல் ஓடும் கார், உலர்ந்த வீதியில் பிரேக் பிடித்த பின் 49 மீற்றர் சென்றே நிற்கும். மணல் பரவிய இடத்தில் 98 மீற்றர். பிரேக்கை மிதிக்கும் எண்ணம் காலுக்கு இறங்க எடுக்கும் ஒரு செக்கனில் 28 மீற்றர் கழியும். ஆக, மணல் வீதியிலே 126 மீற்றர். தாழ்த்திய முகவிளக்கோ 40, 50 மீற்றருக்கு அப்பாற் தெளிவாகக் காட்டாது. நமது தீவிலே இரவில் வீதியின் நடுவே நிற்பன கழுதைகள். பண்டை நாளில் அராபிய வணிகரோடு வந்தன என்று சொல்லப்படுவன. தார் பகலில் உண்ட வெப்பத்தை இரவிற் கக்குதலின் அவை அங்கே நிற்கவும் படுக்கவும் விரும்புகின்றன. சாம்பல் நிறம் இருளோடு கலக்கும். ஒலியெழுப்பினால் ஓடுவதும் அவற்றின் வழக்கமன்று. கழுதை நிற்குமிடத்திலே சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு மீனவர் வருவார். விடிகாலைப் பூசைக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர் வருவார். அவர்கள் எவருடைய கால் மைல் நேரத்துக்கும் உடன்பட்டவர்களல்லர்.

திடலும் நேரங்காட்டியும் காவலரும் உள்ள இடங்கள் இல்லாமலில்லை. களுத்துறைக்கு அண்மையிலே கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டு வந்திருக்கின்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையும் அவ்வாறே பல்லாண்டு பயன்பட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையிலே தனித்திடல் எழுந்த பின் பந்தயம் அங்கே சென்றது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியோ 1934 தொடக்கம் வருவது. அது வளைவுள்ள மலைவழி, நமது பொருளுக்குச் சற்றுப் புறம்பானது. இத்தகைய இடங்களிலே புறப்படுமுன் காரைப் பரிசோதிப்பர். தலைக்கவசம் இல்லாதவரை ஓடவிடார். ஓட்டத்தினும் நீளமான வெற்றுவழி நிற்பதற்கென விடப்பட்டிருக்கும். இந்த நிற்கும் வழியின் அருமையை அமெரிக்கர் பெருவிலை கொடுத்து அறிந்தனர். 2008இல் ஸ்கொற் கலிற்றா என்னும் ஓட்டுநர் இறந்த பின், மிக்க வலுவுடைய வண்டிகளுக்குக் கால் மைலைக் குறைத்து ஆயிரம் அடி ஆக்கினர். அதனால் மிஞ்சிய 320 அடியும் நிற்பதற்கே.

மன்னாரிலிருந்து கட்டுக்குருந்தைக்குச் செல்ல விரும்புவோர் பிரேக் எண்ணெயையும் பிரேக் கட்டைகளையும் வீட்டிலேயே மாற்றிக்கொண்டு புறப்படுக. உப்புக்காற்றிலே நின்ற காரின் பிரேக் தட்டுகளில் துரு ஏறியிருக்கும், அதனையும் பார்க்க. சில்லின் ஆணிகளை அளவுகோலுள்ள சாவியால் இறுக்குக. மிதித்து இறுக்குதல் அளவன்று. திடலிலே சிலர் இழுக்கும் சில்லுகளில் இரண்டு மூன்று இறாத்தல் காற்றைக் குறைத்து ஓடிப் பார்ப்பர். அவ்வாறு செய்தோர், முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட திரும்பு பயணத்தைத் தொடங்கு முன், ரயர் ஆறிய பின்னர் காற்றை மீண்டும் உரிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.